ஜிஆர்இ சொற்களுக்கு ஆன்கி: கார்டு சரியாக இருந்தால் மட்டும்

மேற்படிப்புச் சேர்க்கைக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வின் ஆங்கில மொழிப் பகுதியான வெர்பலுக்குச் சொற்களை எப்படிப் படிப்பது என்று யாரைக் கேட்டாலும் 'ஆன்கி போடு' என்ற பதில் வந்துவிடும். பதில் தப்பில்லை. ஆன்கி என்பது முன்னால் கேள்வி, பின்னால் விடை என்று அமைந்த கார்டுகளைப் புரட்டிப் படிக்க உதவும் மென்பொருள். மறக்கப் போகிற சமயம் பார்த்துக் கார்டை மறுபடி முன்னால் நீட்டுகிற வேலையில், இலவசமாகக் கிடைப்பவற்றில் இதற்கு மேல் ஒன்றைப் பரிந்துரைக்கத் தோன்றவில்லை. ஆனால் ஆன்கி எந்தச் சொல்லையும் கற்றுத் தராது. நீங்கள் எழுதி வைத்ததை மறக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தப்பாக எழுதி வைத்தால் அந்தத் தப்பும் அதே உறுதியோடு மனதில் பதியும். மாதக்கணக்கில் ஒழுங்காகக் கார்டு புரட்டியும் மதிப்பெண் நகராதவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

முதலில் தேர்வு என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் கார்டின் வடிவத்தை முடிவு செய்வது அதுதான். 2023 செப்டம்பரில் ஜிஆர்இ சுருக்கப்பட்ட பிறகு வெர்பலில் மொத்தம் 27 கேள்விகள்: முதல் பிரிவில் 18 நிமிடத்துக்கு 12, இரண்டாவதில் 23 நிமிடத்துக்கு 15. முதல் பிரிவில் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவதின் கடினம் மாறும். ஏறக்குறைய பாதிக் கேள்விகள் பத்தி வாசிப்பு. மீதிதான் சொல் சார்ந்தவை: கோடிட்ட இடத்தை நிரப்பும் டெக்ஸ்ட் கம்ப்ளீஷன், ஆறு சொற்களில் ஒரே பொருள் தரும் இரண்டைப் பொறுக்கும் சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ். இரண்டிலும் பாதி மதிப்பெண் கிடையாது. மூன்று கோடுள்ள கேள்வியில் இரண்டைச் சரியாக நிரப்பி ஒன்றில் சறுக்கினால் முழுப் பூஜ்யம்.

எதிர்ச்சொல் கேள்விகளும் ஒப்புமைக் கேள்விகளும் 2011 ஆகஸ்டிலேயே போய்விட்டன. அந்தக் காலத்தில் 'சொல், பொருள்' என்று இரண்டு பத்திப் பட்டியலை மனப்பாடம் செய்தாலே பலன் இருந்தது. இன்று ஒவ்வொரு சொல்லும் வாக்கியத்துக்குள்தான் வருகிறது. தேர்வை நடத்தும் இடிஎஸ் அதிகாரப்பூர்வச் சொற்பட்டியல் எதையும் வெளியிடுவதில்லை. ஆகவே 'முழுப் பட்டியல்' என்று கிடைப்பதெல்லாம் யாரோ தொகுத்ததுதான். அதில் கணிசமான பகுதி அந்தப் பழைய தேர்வின் மிச்சம்.

எதை இறக்குவது

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஆன்கி இலவசம். ஆண்ட்ராய்டில் தன்னார்வலர்கள் தனியே பராமரிக்கும் ஆன்கிட்ராய்டு, அதுவும் இலவசம். ஐபோனுக்கான ஆன்கிமொபைலுக்கு மட்டும் ஒருமுறை பணம் கட்ட வேண்டும். அது வேண்டாமென்றால் ஆன்கிவெப் தளத்தை ஃபோன் பிரவுசரில் திறந்து படிக்கலாம், வசதி குறைவு. ஆப் கடைகளில் இதே பெயரை ஒட்டிக்கொண்டு வேறு சில ஆப்களும் மாதச் சந்தாவோடு நிற்கின்றன. அவை ஆன்கி அல்ல. ஆன்கிவெப் கணக்கோடு சிங்க் ஆகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

தோற்றம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழைய அலுவலக மென்பொருள் மாதிரி இருக்கும். கார்டு தயாரிக்கும் வேலையைக் கணினியில் வைத்துக்கொண்டு ஃபோனைப் புரட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஃபோனில் கார்டு எழுதுகிறவர்கள் சீக்கிரமே சோம்பேறித்தனமான கார்டுகளுக்கு இறங்கிவிடுகிறார்கள்.

தொடக்கத்தில் எல்லோரையும் குழப்புவது நோட், கார்டு என்ற இரண்டு சொற்கள். நோட் என்பது ஒரு சொல்லைப் பற்றி நீங்கள் பதிந்த மொத்தத் தகவல். அந்தத் தகவலிலிருந்து ஆன்கி உருவாக்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு கார்டு. ஒரு நோட்டிலிருந்து இரண்டு கார்டு வருகிற மாதிரி அமைத்திருந்தால், 'நாளுக்கு 20 புதிய கார்டு' என்ற இயல்பு அளவு உண்மையில் 10 சொற்கள்தான். இதைக் கவனிக்காமல் 40 என்று ஏற்றிவிட்டு மூன்றாவது வாரம் மூச்சுத் திணறுகிறவர்கள் ஏராளம்.

இறக்கிய டெக் ஏன் ஏமாற்றுகிறது

டெக் என்றால் கார்டுக் கட்டு. மற்றவர்கள் பகிர்ந்த டெக்குகளில் ஜிஆர்இ என்று தேடினால் வந்து குவியும். பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றே: முன்னால் ஒற்றைச் சொல், பின்னால் மூன்று நான்கு ஒத்த சொற்கள். இதில் இரண்டு ஓட்டைகள்.

ஒன்று, தேர்வுக்குப் பிடித்த பொருள் பல நேரம் இரண்டாவது பொருளாக இருக்கும். 'ஃப்ளாக்' என்றால் கொடி, எல்லோருக்கும் தெரியும். தேர்வில் அது வினைச்சொல்லாக, 'தளர்ந்து போ' என்ற பொருளில் வரும். 'சாங்ஷன்' அனுமதியும் ஆகலாம், தண்டனைத் தடையும் ஆகலாம்; வாக்கியம்தான் எது என்று சொல்லும். 'டெம்பர்' கோபம் அல்ல, 'கடுமையைத் தணி'. 'அரெஸ்ட்' கைது அல்ல, 'நிறுத்து'. எளிய சொற்கள் என்பதாலேயே பல டெக்குகளில் இவை இருக்கவே இருக்காது. யாருமே பயன்படுத்தாத அரிய பெயர்ச்சொற்கள் மட்டும் வரிசை கட்டி நிற்கும்.

இரண்டு, ஒற்றைச் சொல் கார்டில் சொல் நினைவில் நிற்பதில்லை, கார்டின் முகம் நிற்கிறது. 'நீளமான சொல், பி-யில் தொடங்குவது, பின்னால் கஞ்சத்தனம்' என்று கண் பழகிவிடும். அதே 'பார்ஸிமோனியஸ்' ஒரு பத்தியில் அறிவியல் கோட்பாட்டைப் பாராட்டி வந்தால், அதாவது தேவைக்கு மேல் எதையும் ஊகிக்காத கோட்பாடு என்ற பொருளில் வந்தால், கை நின்றுவிடும்.

இறக்கிய டெக்கைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதைச் சல்லடையாக வைத்துக்கொள்ளுங்கள். கார்டுகளைப் பட்டியலாகக் காட்டும் ஆன்கியின் பிரவுஸ் சாளரத்தில் திறந்து, வாக்கியத்தில் பார்த்தால் நிச்சயம் புரியும் என்ற சொற்களை சஸ்பெண்ட் செய்துவிட்டு (அதாவது இனி வராமல் நிறுத்திவிட்டு), மிச்சத்தை உங்கள் சொந்த நோட் வகைக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும். படிப்பின் பாதி அந்த நேரத்திலேயே முடிந்துவிடுகிறது.

கார்டு எப்படி இருக்க வேண்டும்

நோட்டில் ஆறு ஃபீல்டு, அதாவது தகவல் எழுதும் கட்டங்கள், போதும்: சொல், அந்தச் சொல் உள்ள ஆங்கில வாக்கியம், அதே வாக்கியம் கோடிட்டது, ஒரு வரிப் பொருள், ஜோடிச் சொற்கள், குழப்பும் சொல்.

'குவாலிஃபை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தகுதி பெறு என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும், அதற்குக் கார்டு தேவையில்லை. தேர்வு கேட்பது 'சொன்னதற்கு ஒரு வரம்பு கட்டு, ஓர் ஆனால் போடு' என்ற பொருள். வாக்கியத்தின் கருத்து இப்படி இருக்கலாம்: ஆய்வாளர் புதிய சிகிச்சையைப் பாராட்டினார், ஆனால் சோதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே என்று சுட்டி அந்தப் பாராட்டை உடனே குவாலிஃபை செய்தார். இதில் 'ஆனால்', 'மிகச் சிலரே' என்ற இரண்டும்தான் துப்பு. அவற்றை எடுத்துவிட்டால் அந்தக் கோட்டில் 'மறுபடி சொன்னார்', 'எழுதி வைத்தார்' என்று எதை வேண்டுமானாலும் போடலாம். துப்பு இல்லாத வாக்கியம் கார்டுக்கு உதவாது. 'அவர் கேரலஸான மனிதர்' என்ற வாக்கியத்தில் உலகத்தில் உள்ள எந்தப் பெயரடையும் உட்காரும்.

ஜோடி ஃபீல்டில் 'மாடரேட்', 'லிமிட்'. குழப்பும் சொல் ஃபீல்டில் 'அன்குவாலிஃபைட் சக்சஸ்'. இதைத் தகுதியில்லாத வெற்றி என்று படித்தால் மொத்தக் கேள்வியும் தலைகீழாகிவிடும். எந்த 'ஆனால்'-உம் இல்லாத முழு வெற்றி என்பதே அதன் பொருள்.

இந்த நோட்டிலிருந்து இரண்டு கார்டு. முதலாவதில் முழு வாக்கியம், சொல் தடித்த எழுத்தில். இங்கே இதன் பொருள் என்ன என்பது கேள்வி. இரண்டாவதில் கோடிட்ட வாக்கியமும் சொல்லின் முதல் எழுத்தும். முதல் எழுத்து கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பொருந்துகிற வேறு நல்ல சொல்லைச் சொல்லிவிட்டு, தவறா சரியா என்று உங்களுக்கு நீங்களே வழக்காடிக்கொண்டிருப்பீர்கள். விடையைத் தட்டச்சு செய்யும் வசதியும் உண்டு. ஜிஆர்இக்கு அது வீண். எழுத்துக்கூட்டலை இந்தப் பகுதியில் யாரும் கேட்பதில்லை. உச்சரிப்பு ஒலிக்கோப்பு சேர்ப்பதும் அப்படியே, தேர்வில் கேட்டல் பகுதி இல்லை.

பொருளைத் தமிழில் எழுதலாமா? எழுதலாம், பேச்சுத் தமிழில் எழுதினால். 'அப்ஸீக்வியஸ்' என்பதற்கு அகராதி தரும் 'பணிவிணக்கமுடைய' என்பதைப் போட்டால் அது நற்குணம் என்று தோன்றிவிடும். 'கூழைக்கும்பிடு போடுகிற' என்று எழுதினால் அதிலுள்ள இளக்காரமும் சேர்ந்தே பதியும். 'ப்ரிவாரிகேட்' என்பதற்கு 'மழுப்பு' கச்சிதம். 'கேரலஸ்' வளவளவென்று பேசுவது. நல்லதாகச் சொல்கிறதா, கெட்டதாகச் சொல்கிறதா என்ற சாயல் தெரிந்தாலே சென்டன்ஸ் ஈக்விவலன்ஸில் பாதித் தெரிவுகள் கழன்றுவிடும். ஆனால் ஒரே தமிழ்ச் சொல்லை நான்கு ஆங்கிலச் சொற்களுக்குப் போடாதீர்கள். 'லகானிக்', 'டாசிடர்ன்', 'ரெடிசன்ட்' மூன்றுக்கும் 'குறைவாகப் பேசுபவர்' என்று எழுதினால் மூன்றும் ஒட்டிக்கொண்டுவிடும். முதலாவது, சொல்வதைச் சுருக்கமாகச் சொல்வது. இரண்டாவது, இயல்பிலேயே வாய் திறக்காத குணம். மூன்றாவது, மனதில் இருப்பதை வெளியே விடத் தயங்குவது.

சென்டன்ஸ் ஈக்விவலன்ஸின் பொறியே இங்குதான். ஆறு சொற்களில், ஒன்றுக்கொன்று ஜோடியாக இருந்தும் வாக்கியத்தில் உட்காராத இரண்டு இருக்கலாம். வாக்கியத்தில் அழகாக உட்கார்ந்தும் ஜோடி இல்லாத ஒன்றும் இருக்கலாம். ஜோடிப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர் முதலாவதில் விழுவார், வாக்கியத்தை மட்டும் படித்தவர் இரண்டாவதில் விழுவார்.

செட்டிங்ஸ்

எந்தக் கார்டு எப்போது திரும்ப வர வேண்டும் என்று முடிவு செய்யும் ஆன்கியின் பழைய கணக்கு முறை, பியோத்ர் வோஸ்னியாக் 1980களில் சூப்பர்மெமோ என்ற மென்பொருளுக்காக உருவாக்கிய எஸ்எம்-2 விலிருந்து வந்தது. 2023-இல் வந்த 23.10 பதிப்பிலிருந்து எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய முறையும் உள்ளேயே இருக்கிறது. டெக் ஆப்ஷன்ஸில் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இயக்குங்கள். ஓரளவு ரிவ்யூ, அதாவது கார்டை மறுபடி பார்த்துப் பதில் சொன்ன பதிவு, சேர்ந்த பிறகு மாதம் ஒருமுறை ஆப்டிமைஸ் பொத்தானை அழுத்தினால் உங்கள் மறதிக்கு ஏற்பக் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

டிசையர்ட் ரிடென்ஷன், அதாவது கார்டு திரும்ப வரும்போது எத்தனை சதவீதம் நினைவிருக்க வேண்டும் என்ற இலக்கு, இயல்பாக 90 சதவீதம். 'தேர்வாச்சே, 95 வைப்போம்' என்ற ஆசை வரும். வைத்தால் ஒவ்வொரு கார்டின் இடைவெளியும் பாதிக்கும் கீழே குறுகிவிடும். அதே சொற்களுக்கு இரண்டு மடங்கு உழைப்பு. 90-இலேயே விடுங்கள்.

விடையைப் பார்த்த பிறகு, எவ்வளவு நினைவிருந்தது என்று சொல்ல அகெய்ன், ஹார்ட், குட் போன்ற பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். எஃப்எஸ்ஆர்எஸ்ஸைக் கெடுக்கும் ஒரே பெரிய பழக்கம் ஹார்ட் பொத்தானைத் தவறாக அழுத்துவது. ஹார்ட் என்றால் 'சிரமப்பட்டேன், ஆனால் நினைவு வந்தது' என்று பொருள். விடை வரவே இல்லை என்றால் அகெய்ன். வெட்கப்பட்டு ஹார்ட் அழுத்தினால், தெரியாத சொல்லைத் தெரிந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு இடைவெளியை நீட்டிவிடும். குழப்பமாக இருந்தால் அகெய்ன், குட் என்ற இரண்டை மட்டுமே பயன்படுத்துங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

நாளுக்கு இத்தனை ரிவ்யூதான் என்ற உச்ச வரம்பு 200 என்று இருக்கும். அதை 9999 ஆக்குங்கள். வரம்பைத் தாண்டிய கார்டுகளை ஆன்கி கண்ணில் காட்டாமல் மறுநாளுக்குத் தள்ளும். நிலுவை ஏறுவது தெரியாமலே போய்விடும். வேலையைக் குறைக்க வேண்டுமென்றால் புதிய கார்டு எண்ணிக்கையைக் குறைப்பதே வழி. ஒரே நோட்டின் இரண்டு கார்டுகளும் ஒரே நாளில் வராமலிருக்க, சிப்ளிங்ஸைப் பரி செய்யும் (உடன்பிறந்த கார்டை மறுநாளுக்குத் தள்ளும்) அமைப்புகளையும் இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் கார்டு இரண்டாவதற்கு விடை சொல்லிக் கொடுத்துவிடும்.

90 நாள் கையில் இருக்கிறது என்றால் கணக்கு இப்படிப் போகும். நாளுக்கு 10 சொல், 20 கார்டு, 70 நாளில் 700 சொல். கடைசி 20 நாள் புதிய கார்டு பூஜ்யம். தினசரி ரிவ்யூ, புதிய கார்டு எண்ணிக்கையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு வரை ஏறும், அதாவது 200. வாக்கியம் படித்துப் பதில் சொல்லக் கார்டுக்கு 10 வினாடி என்றால் 33 நிமிடம். இதற்கு மேல் ஏற்றினால் பத்தி வாசிப்புப் பயிற்சிக்கு நேரம் இருக்காது. இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் புதியதைப் பூஜ்யமாக்கி, நிலுவையை முடித்த பிறகே மறுபடி திறங்கள்.

வழுக்கும் சொற்கள்

கற்று முடித்த ஒரு கார்டை 8 முறை மறந்தால் ஆன்கி அதற்கு லீச் என்று குறி போடும். அந்தக் குறி வந்தால் அந்தக் கார்டை அதே வடிவில் மறுபடி மறுபடி புரட்டாதீர்கள். காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. உருவம் ஒத்த இன்னொரு சொல் இடையில் புகுந்திருக்கும், அல்லது வாக்கியம் பலவீனமாக இருக்கும்.

'வீனல்', 'வீனியல்' முதல் வகை. லஞ்சத்துக்கு விலைபோகிறவர் வீனல். விற்பனை என்ற லத்தீன் வேர், 'வெண்டர்' பிறந்ததும் அதிலிருந்துதான். மன்னிக்கத் தக்க சிறு பிழை வீனியல். அதன் வேர் மன்னிப்பு. இரண்டையும் ஒரே கார்டில் எதிரெதிரே வைத்து, லஞ்சம் வாங்கிய அதிகாரிக்கு எது, சின்னத் தவறுக்கு எது என்று கேளுங்கள். 'எனர்வேட்' இன்னொரு ரகம். எனர்ஜி தருவதுபோல ஒலிக்கும், பொருள் சக்தியை உறிஞ்சிவிடுவது. இதற்குத் தனி உத்தி வேண்டாம், சோர்ந்து விழும் சூழல் தெளிவாகத் தெரிகிற வாக்கியமாக மாற்றினால் போதும். ஒரு சொல்லை மூன்று முறை தொடர்ந்து மறந்தாலே, லீச் ஆகும்வரை காத்திருக்காமல் வாக்கியத்தை மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

வாக்கியங்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. கிடைப்பவை இலக்கணப் பிழை இல்லாமல்தான் இருக்கும். ஆனால் துப்பு முகத்தில் அறைகிற மாதிரி இருக்கும், ஜிஆர்இ வாக்கியத்தின் திருப்பம் இருக்காது. தரமான ஆங்கில இதழ்க் கட்டுரைகளிலிருந்தும் இடிஎஸ் வெளியிட்ட பயிற்சிக் கேள்விகளிலிருந்தும் எடுப்பதே மேல்.

தொழில்நுட்பத் தொல்லைகள்

விரிதாளில் தயாரித்து மொத்தமாக இறக்கும்போது, ஃபீல்டுகளை டேப் (Tab) இடைவெளி கொண்டு பிரியுங்கள். வாக்கியங்களுக்குள்ளேயே கமா இருப்பதால், கமா பிரிப்பில் பாதி வாக்கியம் அடுத்த ஃபீல்டில் போய் உட்காரும் அபாயம் உண்டு. கோப்பு யூடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டால் தமிழ் எழுத்து குப்பையாகிவிடும். முதல் ஃபீல்டு ஒன்றாக இருந்தால் ஆன்கி அதை ஒரே நோட் என்று எடுத்துக்கொண்டு, இயல்பு அமைப்பில் பழையதன்மேல் புதியதை எழுதிவிடும். சாங்ஷனின் இரண்டாவது பொருளைச் சேர்க்கப் போய் முதல் பொருளை இழப்பது இப்படித்தான். 'சாங்ஷன் 1', 'சாங்ஷன் 2' என்று பெயர் வையுங்கள்.

நோட் வகையில் ஃபீல்டு கூட்டினால் அடுத்த சிங்க் முழுச் சிங்க்காக மாறி, மேலே ஏற்றவா, கீழே இறக்கவா என்று கேட்கும். தவறானதைத் தொட்டால் ஒரு பக்கத்தின் வேலை போய்விடும். ஃபீல்டில் கைவைக்கும் முன் எல்லாக் கருவிகளையும் சிங்க் செய்துவிட்டு, மாற்றம் செய்த கருவியிலிருந்து மேலே ஏற்றுங்கள்.

யாருக்கு வேண்டாம்

முதலில் இடிஎஸ் இலவசமாகத் தரும் இரண்டு பவர்ப்ரெப் தேர்வுகளில் ஒன்றை எழுதிப் பாருங்கள். தவறிய டெக்ஸ்ட் கம்ப்ளீஷன், சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ் கேள்விகளை மட்டும் எடுத்து, தெரிவுகளில் பொருள் தெரியாத சொல் எத்தனை என்று எண்ணுங்கள். எல்லாச் சொற்களும் தெரிந்திருந்தும் தவறினால், சிக்கல் 'ஆல்தோ', 'ஃபார் ஃப்ரம்' போன்ற திருப்பங்களைப் பிடிப்பதில் இருக்கிறது. அதற்கு ஆன்கி மருந்தல்ல. கோட்டுக்குத் தெரிவுகளைப் பார்க்காமல் சொந்தச் சொல் ஒன்றைப் போட்டுவிட்டுப் பிறகு ஒப்பிடும் பயிற்சிதான் உதவும். தவறுகளெல்லாம் பத்தி வாசிப்பில் என்றால் கார்டு புரட்டுவதில் போகும் நேரம் அங்கிருந்து திருடியதே.

தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றாலும் புதிதாக ஆன்கி தொடங்க வேண்டாம். இடைவெளி விரிவதற்கே அந்த நாட்கள் போதாது. ஏற்கனவே டெக் வைத்திருக்கிறவர்கள் அந்த நாட்களில் கஸ்டம் ஸ்டடியைத் திறந்து, அண்மையில் மறந்த கார்டுகளைப் பார்க்கும் தெரிவில் கடைசி ஒரு வாரத்தைக் கொடுத்தால், வழுக்குகிற சொற்கள் மட்டும் தனி டெக்காக வந்து நிற்கும். நாள்தோறும் அதை ஒருமுறை ஓட்டிவிட்டு, மீதி நேரத்தை இரண்டாவது பவர்ப்ரெப் தேர்வுக்கும் அதன் தவறுகளை அலசவும் வைத்துக்கொள்ளுங்கள்.